கீழிருந்து வரும் குளிர்

இந்த ஊர்க்காரர்களின் ஒரு பழக்கம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஆண்டில் பாதிக்கு மேல் குளிரைத் திட்டிக்கொண்டு வீட்டுக்குள் அடைந்து கிடப்பார்கள். கதவிடுக்கில் துணி செருகுவார்கள், ஜன்னலுக்கு இரண்டாவது கண்ணாடி போடுவார்கள். வீட்டுக்கு அடியில் இருக்கும் பெரிய எண்ணெய்க் கணப்பு இரவு பகலாக உறுமிக்கொண்டே இருக்கும். பிறகு சேர்ந்தாற்போல் இரண்டு நாள் விடுமுறை கிடைத்தால் போதும், அத்தனை பாடுபட்டுச் சூடாக்கிய வீட்டைப் பூட்டிவிட்டுக் காட்டுக்குப் போய், இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு துணியைக் கட்டி, அதில் படுத்து நடுங்குவார்கள். நடுங்கிய கதையைத் திங்கட்கிழமை வேலைக்கு வந்து பெருமையாகச் சொல்வார்கள். இதற்கு கேம்பிங் என்று பெயர். அந்தத் துணிக்கு ஹாமக் என்று பெயர். காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவனுக்கு இதில் என்ன புதுமை இருக்கிறது? அம்மாவின் பழைய புடவையை உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டு அதில் பிள்ளையைப் போடுவோம். தெற்கே தூளி என்பார்கள், எங்கள் பக்கத்தில் ஏணை. நாங்கள் நடக்கத் தெரிந்ததும் அதிலிருந்து இறங்கிவிடுகிறோம். இவர்கள் மீசை நரைத்த பிறகு அதில் ஏறுகிறார்கள்.

நான் கனடாவில் ஒரு சிறிய ஆற்றங்கரை ஊரில், பருத்தி ஆலையில் தறி மெக்கானிக். பட்டுத் தறியில் பிறந்து, கைத்தறித் தொழில்நுட்பத்தில் டிப்ளமா படித்து, எழுபதுகள் தொடங்கும்போது மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தவன். மனைவி பேர் பூங்காவனம். அந்தக் கைக்குழந்தை வசந்தி இப்போது இங்கே பள்ளிக்கூடம் போகிறாள். போன இலையுதிர் காலத்தில் அவள்தான் இதை ஆரம்பித்து வைத்தாள். வகுப்பில் எல்லாரும் காட்டில் போய்த் தூங்குகிறார்களாம், இவள் மட்டும் தூங்கியதில்லையாம். கூடாரம் வாங்குவதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது என்று பார்த்தேன். ஆனால் துணி கட்டித் தொங்குவதற்கு என்ன செலவு? ஆலையில் பழுது என்று ஒதுக்கும் கான்வாஸ் சும்மாவே கிடைக்கும், முடிச்சுப் போடக் கை பழகியிருக்கிறது. உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று நான் பாட்டுக்கு அளந்துகொண்டிருந்தேன். பூங்காவனம் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்:

"தொங்கற எதுலயும் எம்பொண்ணு படுக்க மாட்டா. சொல்லிட்டேன்."

வசந்தி என்னைப் பார்த்தாள். நான் கான்வாஸைச் சுருட்டி வைத்தேன். எங்கள் வீட்டில் சில விஷயங்களுக்குக் காரணம் கேட்பதில்லை. வசந்தி பிறந்தபோதே, காஞ்சிபுரத்திலேயே, பூங்காவனம் ஏணை கட்டக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவள். தெருவே சிரித்தது. ஏணையில் போடாத பிள்ளை உண்டா என்று என் அம்மா அவளிடம் பேசாமல் இருந்தாள். இவளோ வசந்தியைத் தன் வயிற்றின் மேலேயே போட்டுக்கொண்டு, உட்கார்ந்தபடியே தூங்கி அந்த மழைக்காலத்தை ஓட்டினாள். இறந்துபோன முதல் பிள்ளையின் ஞாபகம், அதனால் ஏணையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். அது சரிதான், ஆனால் பாதிதான் சரி. மீதியைத் தெரிந்துகொள்ள நான் இவ்வளவு தூரம் வந்து ஒரு காட்டில் நடுங்க வேண்டியிருந்தது.

வசந்திக்கு முன் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். அறுபதுகளின் நடுவில், ஒரு மார்கழியில், எட்டாம் மாதத்திலேயே வந்துவிட்டாள். உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவில் அடங்கிவிடும் பிள்ளை. மருத்துவச்சி கழுவித் துடைத்துக் கொடுத்துவிட்டு, குளிர் காட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். காமாட்சி என்று பேர் வைத்தோம். எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு காமாட்சி இருப்பாள், அதில் ஒன்றும் விசேஷமில்லை. வீடு என்பது தறி நிற்கும் ஒரு கூடமும் ஒரு சமையலறையும்தான். தறியின் பக்கத்திலேயே உத்திரத்தில் ஏணை கட்டினோம். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து நான் நெய்தால், கை நீட்டும் தூரத்தில் அவள் தொங்கிக்கொண்டிருப்பாள்.

அந்த வருடம் மழை விடவே இல்லை. தரையெல்லாம் ஓதம். தை பிறந்தால் கல்யாணங்கள், புடவைக்குத் துடிப்பார்கள். தறியில் இருந்த புடவையைப் பொங்கலுக்குள் இறக்கியாக வேண்டும். பிள்ளை பெற்றவள் எழுந்து வேலை செய்யக் கூடாது என்று சொல்ல வீட்டில் ஆள் இருந்தது, வேலையைச் செய்யத்தான் ஆள் இல்லை. பூங்காவனம் ராட்டையின் முன் உட்கார்ந்து எனக்குத் தார் சுற்றிக் கொடுத்தாள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குழலில் பட்டு நூலைச் சுற்றும் வேலை அது, உட்கார்ந்தே செய்யலாம். ஏணையிலிருந்து ஒரு கயிற்றை இறக்கித் தன் கால் கட்டைவிரலில் கட்டிக்கொள்வாள். கை ராட்டையைச் சுற்றும், கால் பிள்ளையை ஆட்டும். எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் செய்தார்கள். என்னையும் என் அம்மா அப்படித்தான் ஆட்டினாள்.

குளிருக்கு எங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் செய்தோம். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்கள் ஒரு கம்பளி கொடுத்தார்கள், அதை மேலே போர்த்தினோம். தலைக்குக் குல்லா போட்டோம். சாம்பிராணி காட்டினோம். ஏணைக்குள் விரித்த பழந்துணிகள் ஈரமானதும் துவைத்துப் போட்டால் அந்த மழையில் காயவே இல்லை. அதனால் பல நேரம் கீழே விரிக்க எதுவும் இருக்காது, ஒற்றைப் புடவைதான். அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. மேலே கம்பளி இருந்ததே. பிள்ளை அழாமல் தூங்கியது. எவ்வளவு நல்ல பிள்ளை, தாயை வேலை செய்ய விடுகிறது என்று வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள்.

பிறந்து ஒரு மாதம்கூட நிறையவில்லை. ஒரு நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் பால் கொடுக்கத் தூக்கினாள், பிள்ளை வாய் வைக்கவில்லை. ஜட்கா வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மறுநாள் காலையில் என் மாமாவும் நானும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வேகவதி ஆற்றுக்குப் போனோம். சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். அங்கே பெண்கள் வருவதில்லை. பூங்காவனம் வாசற்படி வரைக்கும் வந்தாள், அதற்கு மேல் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். திரும்பி வந்ததும் குளித்தேன், சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்டேன். அங்கே என்ன செய்தோம், எப்படிச் செய்தோம் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எட்டாம் மாசப் பிள்ளை தங்காது என்றார்கள் சிலர். கண் பட்டுவிட்டது என்றார்கள் சிலர். தாய்ப்பாலில் சீதம் என்று என் அம்மா சொன்னாள். பூங்காவனம் எல்லாவற்றையும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தெருவில் யார் காமாட்சி என்று கூப்பிட்டாலும் அவள் கை நின்றுவிடும். தார் பாதியில் நிற்கும். தண்ணீர்க் குழாயில், கோயிலில், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில், எங்கே திரும்பினாலும் யாராவது ஒருத்தி அந்தப் பேரைக் கூவிக்கொண்டிருப்பாள். கனடாவில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது என்று நான் சொன்னபோது, கடல் தாண்டுவதற்கு அழுது ஆர்ப்பாட்டம் செய்வாள் என்று பயந்தேன். எப்போ போறோம் என்று மட்டும்தான் கேட்டாள். அந்தப் பேரை யாரும் கூப்பிடாத ஊருக்கு வந்தோம். வந்த பிறகு அதுவும் தாங்கவில்லை. இங்கே அந்தப் பேரைச் சொல்ல ஒரு நாதி இல்லையே என்று ஒரு நாள் தானாகவே சொன்னாள். பிறகு பேச்சை மாற்றிவிட்டாள்.

வசந்தியைப் பள்ளியில் சேர்த்த வருடம் ஒரு நர்ஸ் அம்மாள் வீட்டுக்கு வந்தார். தங்கமான மனுஷி. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ஒன்று என்றேன் நான். அதே நேரத்தில் பூங்காவனம் இரண்டு விரலைக் காட்டினாள். அவளுக்கு அப்போது இங்கிலீஷ் அவ்வளவாக வராது, கேள்வி மட்டும் புரிந்துவிட்டது. பெற்றவளைக் கேட்டால் போனதையும் சேர்த்துத்தானே சொல்வாள். நர்ஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இன்னொரு பிள்ளை எங்கே என்றார். இந்தியா என்றாள் பூங்காவனம். பொய் இல்லையே. பாவம், தாயைப் பிரிந்து அங்கே யாரிடம் இருக்கிறாள், எப்போது கூட்டி வருகிறீர்கள், ஏதாவது உதவி வேண்டுமா என்று அந்த அம்மாள் உருகிவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பூங்காவனம் என் கையை அழுத்தினாள். திருத்தவில்லை. அதிலிருந்து கடையிலோ சாலையிலோ பார்க்கும்போதெல்லாம் அந்த அம்மாள், பெரியவள் வந்துவிட்டாளா என்று விசாரிப்பார். அடுத்த வருடம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு பழகிவிட்டது. பூங்காவனத்துக்கு மட்டும் அந்தக் கேள்வி பிடிக்கும். அந்த அம்மாளைப் பார்த்தால் எதிர்ச் சாரியிலிருந்துகூடக் கடந்து வருவாள். உலகத்திலேயே அவள் பெரிய மகளை விசாரிக்கும் ஆள் அவர் ஒருவர்தான்.

ஹாமக் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் நான் போய்ப் படுத்துப் பார்க்கிறேன், சரியாக இருந்தால் பார்க்கலாம் என்று வசந்தியைச் சமாதானப்படுத்திவிட்டு, செப்டம்பர் கடைசியில் ஜாக்குடன் ஏரிக்கரைக்குப் போனேன். ஜாக் என் ஷிப்டில் வேலை செய்பவன், மீன் பிடிக்கப் பைத்தியம். கான்வாஸின் இரண்டு முனையையும் கொசுவி, கயிறு போட்டு, இரண்டு பிர்ச் மரங்களுக்கு நடுவே கட்டினேன். நெசவாளி புத்தி எங்கே போகும்? நீளவாட்டில் ஓடும் பாவு நூல் தொய்ந்தால் நெசவு கெடும் என்று பிறந்ததிலிருந்து கேட்ட காது. என்னை அறியாமல் தறியில் பாவை இழுத்துக் கட்டுவதுபோல் விண்ணென்று இழுத்துக் கட்டிவிட்டேன். தட்டினால் மேளம்போல் சத்தம் வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. ஜாக் சுற்றி வந்து பார்த்து, நல்ல மேஜை செய்திருக்கிறாய் என்றான். ஏறிப் படுத்தேன். மேஜை என்னை ஒரு பக்கமாகக் கவிழ்த்துத் தரையில் போட்டது. வேண்டா வெறுப்பாகக் கயிற்றைத் தளர்த்தினேன். துணி வளைந்து தொங்கியபோது, ஏதோ வேலையை அரைகுறையாக விட்டதுபோல் கை உறுத்திக்கொண்டே இருந்தது.

அன்று மாலை தீயின் பக்கத்தில் ஜாக் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னான். ஜனவரியில் இறந்தார்களாம். தரை பனியில் இறுகிக் கடப்பாரை இறங்காதாம். அதனால் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல் அறைக்குள் பெட்டியை வைத்துப் பூட்டிவிட்டு, வசந்த காலம் வந்து மண் இளகிய பிறகுதான் புதைத்தார்களாம். மழைக்காலத்தில் வடகம் காயாது என்பதுபோல் இயல்பாகச் சொன்னான். நான்தான் தட்டை ஓரமாக வைத்துவிட்டேன்.

இருந்த இரண்டு கம்பளியையும் மேலே போர்த்திக்கொண்டு, இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படுத்தேன். விடியற்காலை விழிப்பு வந்தபோது ஒரு வினோதத்தைக் கண்டேன். நெஞ்சு வியர்த்திருந்தது. முதுகோ கிணற்றுத் தண்ணீரில் ஊறவைத்ததுபோல் விறைத்துக் கிடந்தது. தரையில் படுத்தால் தரை மட்டும்தான் குளிரும். தொங்குகிற துணிக்கோ அடியில் காற்று ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு கம்பளியை உருவி முதுகுக்குக் கீழே போட்டேன். என் பாரத்தில் அது அப்பளமாக நசுங்கியது, ஒரு பிரயோஜனமும் இல்லை. நசுங்கிய கம்பளிக்குள் சூடு தங்க இடமில்லை என்பது பிறகுதான் உறைத்தது. மேலே எத்தனை போர்த்தினாலும் வீண், குளிர் வருவது கீழிருந்து. அப்படி மல்லாந்து படுத்து, காற்றில் துணி லேசாக ஆட ஆட, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதுகு சில்லிட, எனக்கு ஒற்றைப் புடவை ஞாபகம் வந்தது. மார்கழி ஞாபகம் வந்தது. மேலே போர்த்திய அந்தத் தெலுங்குக்காரர் வீட்டுக் கம்பளி ஞாபகம் வந்தது.

இறங்கித் தரையில் உட்கார்ந்து அழுதேன். வாய்விட்டே அழுதேன். ஜாக் எழுந்து ஓடி வந்தான். குளிரில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு தன் தடித்த காலுறைகளைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டான், தீயை மூட்டினான், காபியில் எதையோ கலந்து குடிக்க வைத்தான். முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான், வெட்கப்படாதே என்று முதுகைத் தட்டினான். எனக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆமாம், ரொம்பக் குளிர் என்றேன். குளிருக்கு அழுத இந்தியன் என்று ஆலையில் இன்னும் என்னைக் கிண்டல் செய்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

வீட்டுக்கு வந்தபோது பூங்காவனத்திடம் சொல்லக் கூடாது என்றுதான் முடிவு செய்திருந்தேன். கிளறி என்ன ஆகப் போகிறது? ஆனால் வசந்தி பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்தாள், இவள் சாதம் போட்டுக்கொண்டே, எப்படி இருந்துது என்று சாதாரணமாகக் கேட்டாள். ஹாமக்கைப் பற்றி மட்டும் சொல்வதுபோல் ஆரம்பித்தேன். மேலே எவ்வளவு போர்த்தினாலும் போதவில்லை, குளிர் கீழிருந்துதான் வருகிறது என்றேன். நெஞ்சு சுடும்போதே முதுகு விறைத்துப்போகிறது என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியும்ங்க," என்றாள். "அன்னிக்கே தெரியும். நடுவுல நெஞ்சத் தொட்டுப் பாத்தேன், கதகதன்னு இருந்துது. நல்லா தூங்குதுன்னு ஆட்டிக்கினே தார் சுத்திக்கினு இருந்தேன். வெளக்கு வெக்க சொல்லோ தூக்கறேன், முதுகு கல்லு மாதிரி இருக்குது."

இத்தனை வருடம் இதை வைத்துக்கொண்டு இவள் என்னோடு சாப்பிட்டாள், தூங்கினாள், விமானம் ஏறினாள், இந்த ஊரில் பனியை வாரிப் போட்டாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். எனக்குத் தெரியவில்லை. தெருவில் எல்லாரும்தானே அப்படி ஆட்டினார்கள் என்றேன். எட்டாம் மாதப் பிள்ளை, வேறு எது வேண்டுமானாலும் காரணமாக இருந்திருக்கலாம், டாக்டரே சொல்லவில்லையே என்றேன்.

"எல்லாரும் ஆட்டனாங்க," என்றாள். "எல்லாப் புள்ளையும் பொழச்சுது."

அவள் அழவில்லை, நான்தான் மறுபடியும் அழுதேன். தட்டில் இருந்த சாதம் காய்ந்துபோயிற்று. ஜாக்கின் அம்மாவைக் கல் அறையில் பூட்டி வைத்த கதையையும், பேச்சை எங்காவது திருப்ப வேண்டுமே என்று, அப்போதுதான் சொன்னேன். அதை எதற்குச் சொன்னேன் என்று பிறகு என்னையே நொந்துகொண்டேன். அவள் வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த வார இறுதியில் அவள் சர்ச்சின் கீழ்த்தளத்தில் பழைய துணி விற்கும் இடத்துக்குப் போய், கிழிந்த ஸ்வெட்டர்களையும் ஓரம் நைந்த ஒரு பெரிய கம்பளியையும் அள்ளிக்கொண்டு வந்தாள். ஆலையில் கூட்டித் தள்ளும் கழிவுப் பஞ்சு கொஞ்சம் கொண்டுவரச் சொன்னாள். கம்பளியை மடித்து, நடுவில் ஸ்வெட்டர் துண்டுகளையும் பஞ்சையும் பரப்பி, அவை ஓரிடத்தில் சேர்ந்துவிடாமல் கட்டம் கட்டமாகத் தைத்தாள். இதை ஹாமக்குக்குள் போடக் கூடாது, வெளியே அடியில் தொங்க வேண்டும் என்றாள். நசுங்காமல் இருந்தால்தானே சூடு நிற்கும்? நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று படுப்பவனுக்குக் கீழே எதை விரிக்கலாம் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன், துணிக்கு வெளியே போக எனக்குத் தோன்றவே இல்லை. சமையலறைக் கதவு நிலையிலும் எதிர்ச் சுவரிலும் கொக்கி அடித்து ஹாமக்கைத் தொங்கவிட்டு, அதன் அடியில் இந்தப் போர்வையைக் கயிறு போட்டுக் கட்டினேன். பழக்க தோஷம், மறுபடியும் விண்ணென்று இழுத்தேன்.

"பாவா நீட்டறீங்க?" என்று கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கிக்கொண்டாள். "வுடுங்க. தொட்டும் தொடாம இருக்கணும்."

என்னைப்போல் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் குடும்பம் நடத்தும் நம்மவர்கள் யாராவது பிள்ளைகளின் தொல்லை தாங்காமல் காட்டுக்குப் போவதாக இருந்தால், அவள் செய்தது இதுதான், குறித்துக்கொள்ளுங்கள். அடிப்போர்வை முதுகில் ஒட்டி அழுத்தவும் கூடாது, காற்று நுழையும்படி விலகித் தொங்கவும் கூடாது. இரண்டு முனையையும் சுருக்குப் போட்டு மூட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே பிடித்த சூடு அந்த வழியாக ஓடிவிடும். கடையில் விற்பது எதுவும் தேவையில்லை. வசந்தியை ஏற்றிப் படுக்கவைத்து, ஜன்னலைத் திறந்து விட்டு, பூங்காவனம் ஹாமக்குக்கும் போர்வைக்கும் நடுவில் கையை விட்டுக்கொண்டு நின்றாள். ஸ்டவ்வில் இருந்த பால் பொங்கி வழிந்து தீய்ந்தது, அப்போதும் கையை எடுக்கவில்லை. வசந்தி, அம்மா போதும்மா, கூச்சமா இருக்குது என்று நெளிந்தாள். கடைசியில் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். சரி, போலாம் என்றாள்.

அக்டோபரில் ஒரு நீண்ட விடுமுறை வரும். அதில் போனோம். ஏரிக்கரைப் பூங்காவின் வாசலில் ஒரு பெரியவர் பெயரைக் கேட்டுக்கொண்டு, எத்தனை பேர் என்றார். நான் நான்கு என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியாது. அவர் குனிந்து வண்டிக்குள் பார்த்தார். மூன்று பேர்தான் இருந்தோம். எனக்கு இங்கிலீஷில் எண்ணத் தெரியவில்லை என்று நினைத்திருப்பார், சிரித்துக்கொண்டே மூன்று விரலைக் காட்டினார். நானும் தலையாட்டினேன். பின்னால் வசந்தியோடு உட்கார்ந்திருந்த பூங்காவனம் கையை நீட்டி என் தோளைத் தொட்டாள், ஏரி வரும்வரை எடுக்கவில்லை.

வசந்தி அன்று அடித்துப்போட்டதுபோல் தூங்கினாள். எனக்கும் பூங்காவனத்துக்கும் தனித்தனி ஹாமக் இருந்தும் நாங்கள் படுக்கவில்லை. தீயைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு எப்போதோ கண் அசந்துவிட்டேன். கண் விழித்தபோது கிழக்கே வெளுத்திருந்தது. புல்லெல்லாம் உப்பு தூவியதுபோல் பனி. பூங்காவனம் ஹாமக்கின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அடிப்போர்வைக்குள் கையை விட்டு வசந்தியின் முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தாள். எப்போதிருந்து அப்படி இருந்தாள் என்று நான் கேட்கவில்லை.

"சூடா இருக்குதா?" என்றேன்.

"இருக்குது," என்றாள். பிறகு, பக்கத்தில் இருந்த தரையைக் கண்ணால் காட்டினாள். "இங்க மண்ணு இப்பவே எப்படி எறுகிக் கெடக்குது பாருங்க. ஏங்க, அன்னிக்கு நீங்களும் மாமாவும் தோண்டனீங்க இல்ல, கீழ எப்படி இருந்துது?"

இந்தக் கேள்வியை அவள் எத்தனை வருடம் வாயில் வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. அவளை அங்கே யாரும் விடவில்லை. அவள் பிள்ளையைக் கடைசியாகத் தொட்டபோது அந்த முதுகு சில்லிட்டிருந்தது, அதோடு நாங்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டோம். அதற்குப் பிறகு அந்த முதுகுக்குக் கீழே என்ன இருந்தது என்பது எனக்கும் மாமாவுக்கும் மட்டும்தான் தெரியும். மாமாவும் போய்விட்டார்.

நான் யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. ஆறுதலுக்காக எதையும் கட்டிச் சொல்லவும் இல்லை. அன்று மழை விட்டிருந்தது. மேல்மணல் பனியில் நனைந்து சில்லென்று காலைக் கடித்தது. மண்வெட்டி வேண்டாம் என்று மாமா சொன்னார், சின்னக் குழிதானே, கையாலேயே தோண்டினோம். ஒரு முழம் இறங்கியதும் மணல் வெதுவெதுவென்று இருந்தது. பழைய வெயில் எல்லாம் அங்கே போய்த் தங்கியிருந்ததுபோல் இருந்தது. என் விரல் விறைப்பு விட்டது. இன்னும் கொஞ்சம் இறங்கலாம், கீழே போகப் போகச் சூடு என்று மாமாவிடம் நான்தான் சொன்னேன்.

"மேலதான் குளிரு பூங்கா," என்றேன். "கீழ சூடா இருந்துது. நான் கையால தொட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். பொய்யா என்று தேடிப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். ஏரியில் ஏதோ பறவை கத்தியது. வசந்தி தூக்கத்தில் புரள, ஹாமக் லேசாக ஆடியது. பூங்காவனம் வலது கையை அவள் முதுகின் அடியிலிருந்து எடுக்கவில்லை. இடது கையைப் பனி பூத்த இந்த நாட்டு மண்ணின் மேல் மெல்ல விரித்து வைத்தாள். விரல்கள் சிவந்து விறைக்க ஆரம்பித்தன. எடும்மா என்று நான் சொல்லியும், அந்தக் கையை அவள் எடுக்கவில்லை.